கரண்ட் போனாலும் கண் மூடாத கேமரா

(நமது சங்கத்தின் பொதுக்கூட்டத்தில் முதல் மாடியில் வசிக்கும் ஓய்வுபெற்ற வங்கி எழுத்தர் ஆற்றிய உரை. கூட்டத்துக்கு வர இயலாத உறுப்பினர்கள் கேட்டுக்கொண்டதால் முழுமையாகத் தரப்படுகிறது.)



இன்றைய நிகழ்ச்சி நிரலில் நான்காவது பொருள், பழைய கேமராக்களை எடுத்துவிட்டுப் புதிதாக வாங்குவது. அதற்குக் கை தூக்குவதற்கு முன்னால் சற்று நேரம் பேச எனக்கு அனுமதி தந்திருக்கிறீர்கள். நன்றி. நான் பி.காம். படித்து வங்கியில் கணக்கு எழுதியவன். மின்சாரம் என் படிப்பு அல்ல. ஆனால் ஒரு செலவுச் சீட்டு மேசைக்கு வந்தால், இது எதற்கு, இதைவிடக் குறைந்த செலவில் இதே பலன் கிடைக்குமா என்று கேட்பது என் பழக்கம். அந்தக் கேள்விகளோடு ஏணி பிடித்து ஒவ்வொரு கேமராவாக எலக்ட்ரீஷியன் தம்பியோடு பார்த்தேன். டவுனில் நாலு கடை ஏறி விசாரித்தேன். படிக்க வேண்டியதைப் படித்தேன். அதைத்தான் இப்போது சொல்லப்போகிறேன்.

என்ன கோளாறு?

நம்மிடம் மொத்தம் 12 கேமரா. எல்லாமே நெட்வொர்க் கேமராதான். படம் லேன் கேபிள் வழியாக அலுவலக அறையில் உள்ள பதிவுப் பெட்டிக்கு வருகிறது. அந்தப் பெட்டியைத்தான் என்.வி.ஆர். என்கிறோம். இந்தப் பன்னிரண்டில் கீழ்த்தள லிஃப்ட் பக்கம் இருக்கும் மூன்றுக்குப் படம் போகும் அதே லேன் கேபிளிலேயே கரண்டும் போகிறது. மீதி ஒன்பதுக்கும் அந்த வசதி கிடையாது. அவற்றுக்கு லேன் கேபிள் தனி, கரண்ட் தனி. ஒவ்வொன்றுக்கும் அருகில் ஒரு பிளக் பாயிண்ட், அதில் ஒரு சின்ன 12 வோல்ட் அடாப்டர். கேட், பார்க்கிங், பின்பக்கக் காம்பவுண்டு, மொட்டைமாடித் தொட்டி என்று ஒன்பது இடத்தில் ஒன்பது அடாப்டர் தொங்குகின்றன.

யூ.பி.எஸ். எங்கே இருக்கிறது? அலுவலக அறையில். அதில் இணைந்திருப்பது என்.வி.ஆரும், லிஃப்ட் பக்கத்து மூன்று கேமராக்களுக்கான சின்னப் பெட்டியும். ஜெனரேட்டர் லிஃப்டுக்கும் மோட்டாருக்கும் மட்டும். ஆகவே கரண்ட் போனால் பதிவுப் பெட்டி விழித்திருக்கும், ஒன்பது கேமராக்களும் தூங்கிவிடும். பேரேடு விரித்திருக்கிறது, மை இருக்கிறது, எழுதத்தான் ஆள் இல்லை.

இது வெறும் தொழில்நுட்பக் குறை என்று விட்டுவிட முடியாது. இரண்டு மாதம் முன்பு மூன்றாம் மாடிப் பையனின் சைக்கிள் பார்க்கிங்கிலிருந்து காணாமல் போனது உங்களுக்கு நினைவிருக்கும். அன்று இரவு ஒரு மணிக்கு மேல் முக்கால் மணி நேரம் கரண்ட் இல்லை. அந்த முக்கால் மணி நேரமும் பார்க்கிங் பதிவு வெறும் கறுப்பு. நாலு நாள் கழித்துச் சைக்கிள் பக்கத்துத் தெருவில் ஒரு வேலியோரம் கிடைத்தது. யார் கொண்டுபோனார்கள் என்று இன்றுவரை தெரியாது. ஆனால் அந்த நாலு நாளும் நம் காவலாளி அண்ணனிடம் எத்தனை பேர் எத்தனை விதமாகக் கேட்டோம் என்பதை நினைத்துப் பாருங்கள். "நீங்க எங்க இருந்தீங்க? தூங்கிட்டீங்களா? யாரையாவது உள்ளே விட்டீங்களா?" அவர் சொன்ன பதில் ஒன்றுதான்: "கேமராவைப் பாருங்க சார்." கேமராவில் ஒன்றுமில்லை.

வங்கியில் மாலை கணக்கு முடிக்கும்போது ஐந்நூறு ரூபாய் குறைந்தால் முதல் பார்வை காசாளர் மீதுதான் விழும். அவர் எவ்வளவு நேர்மையானவராக இருந்தாலும் விழும். அவரைக் காப்பாற்றுவது அவருடைய நல்ல பெயர் அல்ல, அன்றைய சீட்டுகளும் பதிவேடும்தான். திருடனைப் பிடிக்கத்தான் பதிவு என்று நாம் நினைக்கிறோம். அதைவிட அதிகமாக, குற்றமற்றவனை விடுவிக்கத்தான் பதிவு பயன்படுகிறது. நம் மலையில் செட்டிப்புடவில் ஆயிரம் வருடத்துக்கு முன்னால் வெட்டிய வட்டெழுத்து இன்றும் கல்லில் இருக்கிறது. நம் கேமராவில் இரண்டு மாதத்துக்கு முந்தைய முக்கால் மணி நேரம் இல்லை.

பழைய போனில் இருந்த சூட்சுமம்

இதற்குத் தீர்வு புதிதாக வந்த மாயம் ஒன்றுமில்லை. இங்கே அமர்ந்திருக்கும் மூத்தவர்கள் எல்லோரும் அதைக் கையில் பிடித்துப் பேசியவர்கள். வீட்டில் கம்பி வழி டெலிபோன் இருந்த காலத்தை நினைத்துப் பாருங்கள். ஊரே இருட்டில் கிடக்கும், போன் மட்டும் வேலை செய்யும். அதற்கு நாம் பிளக் பாயிண்ட் கொடுத்ததே இல்லை. எப்படி வேலை செய்தது? டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் பெரிய பேட்டரி வரிசை இருக்கும். அங்கிருந்து 48 வோல்ட் மின்சாரம், பேச்சு வரும் அதே இரண்டு கம்பியில் நம் வீட்டுக்கு வந்தது. ஒரே இடத்தில் பேட்டரி, ஊர் முழுக்கப் போன்.

அதே யோசனையை லேன் கேபிளுக்குக் கொண்டுவந்ததுதான் பவர் ஓவர் ஈதர்நெட். சுருக்கமாக பி.ஓ.ஈ. என்கிறார்கள். ஸ்வீடன் நாட்டு ஆக்ஸிஸ் நிறுவனம் நெட்வொர்க் கேமராவை விற்பனைக்குக் கொண்டுவந்தது 1996-இல். லேன் கேபிளில் கரண்ட் அனுப்புவதற்கு எல்லா நிறுவனங்களுக்கும் பொதுவான விதி வந்தது 2003-இல். அதன் பெயர் 802.3ஏஎஃப். அதன்படி அனுப்பும் முனையில் அதிகபட்சம் 15.4 வாட், கேபிளில் போகும் நஷ்டம் கழித்து மறுமுனையில் 12.95 வாட். 2009-இல் 802.3ஏடி என்று அடுத்தது வந்தது. அதில் அனுப்புவது 30 வாட், கிடைப்பது 25.5 வாட். 2018-இல் இன்னும் பெரிய அளவும் வந்துவிட்டது. நமக்கு முதல் இரண்டே தாராளம்.

இதில் எனக்கு மிகவும் பிடித்த விஷயம் ஒன்று. பி.ஓ.ஈ. வசதியுள்ள நெட்வொர்க் ஸ்விட்ச் எடுத்தவுடன் 48 வோல்ட்டைக் கொட்டுவதில்லை. முதலில் மிகச் சிறிய ஒரு வோல்ட்டேஜை அனுப்பி, மறுமுனையில் 25 கிலோ ஓம் என்ற ஒரு குறிப்பிட்ட மின்தடை தெரிகிறதா என்று பார்க்கிறது. அந்தத் தடைக்கு அவர்கள் வைத்த பெயரே கையெழுத்து. நாங்கள் செக்கில் உள்ள கையெழுத்தை மாதிரிக் கையெழுத்தோடு ஒப்பிட்டுப் பார்த்த பிறகுதான் பணம் கொடுப்போம். அதே வேலைதான். கையெழுத்து சரியாக இருந்தால் கரண்ட், இல்லாவிட்டால் கிடையாது. தவறிப்போய் அந்த இடத்தில் ஒரு லேப்டாப்பைச் சொருகினாலும் ஒன்றும் ஆகாது. கேபிளைப் பிடுங்கினால் அரை நொடிக்குள் கரண்டை நிறுத்திவிடும்.

"லேன் வயரில் கரண்ட் ஓடினால் பிள்ளைகளுக்கு ஷாக் அடிக்காதா?" என்று இரண்டாம் மாடி அம்மா ஒருவர் கேட்டார்கள். நியாயமான கேள்வி. இது சுவரில் வரும் 230 வோல்ட் ஏ.சி. அல்ல, 60 வோல்ட்டுக்குக் கீழான டி.சி. இன்று நம் பார்க்கிங்கில் பிள்ளைகள் கைக்கு எட்டும் உயரத்தில் தொங்கும் அந்த அடாப்டர் பிளக்குகள்தான் உண்மையில் பயப்பட வேண்டியவை.

நம் ஒன்பது கேமராக்களுக்கு என்ன வழி?

நம் ஒன்பது கேமராக்களுக்கும் இந்தக் கையெழுத்துப் போடத் தெரியாது. அவற்றின் வாலில் இரண்டு முனை இருக்கின்றன. ஒன்று லேன் கேபிள் சொருகும் இடம். இன்னொன்று வட்டமான 12 வோல்ட் பின். பி.ஓ.ஈ. ஸ்விட்ச்சில் நேரடியாகச் சொருகினால் படம் வரும், கரண்ட் வராது. அதனால்தான், "இதெல்லாம் பழசு சார், தூக்கிப் போட்டுட்டுப் புதுசு போடுங்க" என்று கொட்டேஷன் வந்தது.

இதற்கு இடையில் ஒரு சிறிய பெட்டி இருக்கிறது. தீப்பெட்டியைவிடச் சற்றுப் பெரியது. பெயர் பி.ஓ.ஈ. ஸ்பிளிட்டர். லேன் கேபிள் இதற்குள் போகும். ஸ்விட்ச் கேட்கும் கையெழுத்தை இது போடும். வந்த 48 வோல்ட்டை 12 வோல்ட்டாகக் குறைக்கும். வெளியே இரண்டு வால் வரும். ஒன்று படத்துக்கான லேன் முனை, மற்றொன்று கேமராவுக்கான வட்டப் பின். அந்தக் காலத்தில் புதிதாகக் கணக்குத் தொடங்க வருபவருக்கு ஏற்கெனவே கணக்கு உள்ளவர் அறிமுகக் கையெழுத்துப் போடுவார் அல்லவா? கேமராவுக்காக ஸ்பிளிட்டர் போடுவது அந்தக் கையெழுத்துதான். கேமராவைப் பொறுத்தவரை வழக்கமான அடாப்டரில் ஓடுவதாகவே நினைத்துக்கொள்ளும்.

கடையில் இன்ஜெக்டர் என்றும் ஒன்று காட்டுவார்கள். இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம். இன்ஜெக்டர் இந்த முனையில் கரண்டைக் கேபிளுக்குள் ஏற்றுவது. ஸ்பிளிட்டர் அந்த முனையில் இறக்குவது. ஒன்றிரண்டு கேமரா என்றால் சாதாரண ஸ்விட்ச்சோடு இன்ஜெக்டர் போதும். பன்னிரண்டு கேமராவுக்குப் பன்னிரண்டு இன்ஜெக்டரை அலுவலக அறையில் அடுக்குவதைவிட, பி.ஓ.ஈ. ஸ்விட்ச் ஒன்று வாங்கிவிடுவது நல்லது.

நல்ல ஸ்பிளிட்டர் ஒன்று சில நூறு ரூபாயில் முடிகிறது. நல்ல கேமரா ஒன்று சில ஆயிரம். ஒன்பதால் பெருக்கிப் பார்ப்பதை உங்களுக்கே விடுகிறேன். நம் ஒன்பது கேமராவும் பகலிலும் இரவிலும் தெளிவாகத்தான் படம் காட்டுகின்றன. கண் நன்றாக இருக்கும்போது, சாப்பாடு போகவில்லை என்பதற்காகக் கண்ணை மாற்றுவார்களா?

மலிவான வழி ஏன் வேண்டாம்?

இதைவிட மலிவாகவும் ஒரு வழி இருப்பதாகக் கடையில் சொல்வார்கள். பாசிவ் பி.ஓ.ஈ. என்று ஒரு ஜோடி வயர். இந்தப் பக்கம் 12 வோல்ட் அடாப்டரைச் சொருகினால், லேன் கேபிளில் சும்மா கிடக்கும் நான்கு கம்பி வழியாக அதே 12 வோல்ட் அந்தப் பக்கம் போகும். கையெழுத்தும் இல்லை, சரிபார்ப்பும் இல்லை. பத்துப் பதினைந்து மீட்டருக்கு இது ஓடும். நமக்கு ஏன் ஓடாது என்பதைக் கணக்குப் போட்டுக் காட்டுகிறேன்.

அலுவலக அறையிலிருந்து பின்பக்கக் காம்பவுண்டு கேமராவுக்குக் கேபிள் 60 மீட்டர். லேன் கேபிளில் உள்ள ஒரு செப்புக் கம்பிக்கு மீட்டருக்குச் சுமார் 0.084 ஓம் தடை. 60 மீட்டருக்கு 5 ஓம். போக இரண்டு கம்பி, வர இரண்டு கம்பி. இரண்டு சேர்ந்தால் தடை பாதி, அதாவது இரண்டரை ஓம். போகவும் வரவும் சேர்த்து மறுபடி 5 ஓம். கேமரா பகலில் கால் ஆம்பியர் எடுக்கிறது என்று வையுங்கள். கால் பெருக்கல் ஐந்து, ஒன்றேகால் வோல்ட் வழியிலேயே போய்விடும். 12-க்குப் பதில் 10.75 போய்ச் சேரும். கேமரா சமாளித்து ஓடும். கொட்டேஷன்காரர் பகலில் காட்டுவார், நாமும் பணம் கொடுத்துவிடுவோம்.

சூரியன் மறைந்ததும் கேமராவைச் சுற்றியுள்ள இரவு விளக்குகள் எரியத் தொடங்கும். அவை கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு விளக்குகள். அப்போது கரண்ட் அரை ஆம்பியர் ஆகிறது. அரை பெருக்கல் ஐந்து, இரண்டரை வோல்ட் நஷ்டம். கேமராவுக்குக் கிடைப்பது 9.5 வோல்ட். அது தாங்காமல் அணையும். அணைந்ததும் சுமை குறைந்து வோல்ட்டேஜ் ஏறும், மறுபடி எழும், விளக்கைப் போடும், மறுபடி அணையும். விடியும்வரை இதுதான் நடக்கும். காலையில் நாம் எழுந்து பார்க்கும்போது ஒழுங்காக ஓடிக்கொண்டிருக்கும்.

இப்போது அதே கேபிளில் 48 வோல்ட்டை அனுப்பிப் பார்ப்போம். இரவில் கேமராவுக்கு வேண்டியது 6 வாட். ஸ்பிளிட்டர் தனக்கென்று எடுப்பதையும் சேர்த்து 7 வாட் என்று வையுங்கள். 7-ஐ 48-ஆல் வகுத்தால் சுமார் 0.15 ஆம்பியர். அதை 5 ஓமால் பெருக்கினால் முக்கால் வோல்ட். 48-இல் முக்கால் போனால் என்ன குறைந்துவிடும்? ஸ்பிளிட்டர் அதைச் சரியாக 12 ஆக்கிக் கேமராவுக்குக் கொடுத்துவிடும். மொட்டைமாடித் தொட்டி உயரமாக இருந்தால் கடைசி வீட்டுக் குழாயிலும் தண்ணீர் விழுவது போலத்தான். ஆகவே வாங்கும்போது "ஆக்டிவ் ஸ்பிளிட்டர், 802.3ஏஎஃப்" என்று பில்லில் எழுதி வாங்க வேண்டும்.

இன்னொரு யோசனையும் வந்தது. யூ.பி.எஸ்.ஸிலிருந்து 230 வோல்ட் வயரை ஒன்பது கேமராவுக்கும் தனியாக இழுத்துவிடலாம் என்று. செய்யலாம். ஆனால் சுவர் தோண்டி, பைப் போட்டு, மொட்டைமாடியில் மழைபடும் இடத்துக்கு 230 வோல்ட் கொண்டுபோக வேண்டும். லேன் கேபிள் ஏற்கெனவே அங்கே போயிருக்கிறது. அதை விட்டுவிட்டு இது எதற்கு?

யூ.பி.எஸ். கணக்கு

நன்மையை மட்டும் சொல்லிவிட்டு உட்கார எனக்கு மனமில்லை. இந்தத் திட்டத்தில் ஒரு செலவு ஒளிந்திருக்கிறது. இதுவரை ஒன்பது கேமராக்களின் சுமை யூ.பி.எஸ்.மேல் இல்லை. இனிமேல் வரும். அதையும் பார்ப்போம்.

மொட்டைமாடியில் உள்ள சுழலும் கேமராவை முதலில் தனியாக எடுத்துவிடுங்கள். அதன் லேபிளில் 12 வோல்ட், 2 ஆம்பியர் என்று இருக்கிறது. அதாவது 24 வாட் வரை போகலாம். அதற்கு 802.3ஏஎஃப் ஸ்பிளிட்டர் போதாது. 802.3ஏடி வகை ஒன்று தனியாக வாங்க வேண்டும். ஸ்விட்ச்சும் ஏடி கொடுக்கும் வகையாக இருக்க வேண்டும். அது முழு வேகத்தில் சுழலும் நேரம் போக, சராசரியாக 20 வாட் என்று வைப்போம். மீதி 11 கேமராவுக்கு, கேபிள் நஷ்டமும் சேர்த்து, ஆளுக்கு ஏழரை வாட் என்றால் 82. ஆகமொத்தம் சுமார் 105 வாட். ஸ்விட்ச் தனக்கு ஒரு 15, என்.வி.ஆர். ஹார்ட் டிஸ்க்கோடு ஒரு 20. கூட்டினால் 140 வாட்.

இப்போது நம்மிடம் இருப்பது கம்ப்யூட்டருக்கு வைக்கும் சின்ன யூ.பி.எஸ். உள்ளே 12 வோல்ட், 7 ஆம்பியர் மணி பேட்டரி. பெருக்கினால் 84 வாட் மணி. நஷ்டம் போக ஐம்பது தேறும். 140 வாட் சுமைக்கு இருபது நிமிடம் தாண்டாது. முக்கால் மணி நேர இருட்டுக்கே பற்றாது. ஆகவே வீட்டு இன்வெர்ட்டர் போல 150 ஆம்பியர் மணி டியூபுலர் பேட்டரி ஒன்றும், கம்ப்யூட்டர் சாதனங்களுக்கு ஏற்ற, உடனே மாறும் இன்வெர்ட்டர் ஒன்றும் தேவை. அந்தப் பேட்டரியில் 1,800 வாட் மணி. பாதியைத்தான் கணக்கில் எடுத்துக்கொள்கிறேன், 900. 140-ஆல் வகுத்தால் ஆறு மணி நேரத்துக்கு மேல். மின்வாரியம் பராமரிப்புக்காகப் பகலில் நிறுத்தும் நாளில்கூடப் பெரும்பகுதி தாண்டிவிடும். ஸ்பிளிட்டர், ஸ்விட்ச், பேட்டரி, இன்வெர்ட்டர் எல்லாம் சேர்த்துத்தான் செலவைப் பார்க்க வேண்டும். புதுக் கேமரா வாங்கினாலும் இந்தப் பேட்டரி வேண்டும் என்பதையும் மறக்க வேண்டாம். கொட்டேஷனில் அது இல்லை.

வாங்கும்போதும் மாட்டும்போதும் கவனிக்க வேண்டியவை

முதலாவது, வோல்ட்டேஜ். ஸ்பிளிட்டர் 5 வோல்ட்டிலும் வருகிறது, 12 வோல்ட்டிலும் வருகிறது. பின் பார்க்க ஒரே மாதிரி இருக்கும். ஒவ்வொரு கேமராவின் லேபிளையும் பார்த்து எழுதிக்கொண்டு போக வேண்டும். பின்னில் நடுப்பகுதி பிளஸ் என்பதற்கு ஒரு சின்னப் படம் லேபிளில் இருக்கும். அதையும் ஒப்பிட்டு, மீட்டர் வைத்துப் பார்த்த பிறகே கேமராவில் சொருக வேண்டும்.

இரண்டாவது, கேபிள். இப்போது கடையில் மலிவாகக் கிடைக்கும் லேன் கேபிள் பலவற்றில் உள்ளே இருப்பது செம்பு அல்ல, செம்பு முலாம் பூசிய அலுமினியம். அதற்குத் தடை அதிகம், சூடாகும், முனை ஒடியும். பிளேடால் கம்பியைச் சுரண்டிப் பாருங்கள். உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் அது அலுமினியம். கேட் 5ஈ அல்லது கேட் 6, முழுச் செம்பு என்று கேட்டு வாங்க வேண்டும். நம் ஓட்டங்களை நானும் எலக்ட்ரீஷியன் தம்பியும் சுரண்டிப் பார்த்துவிட்டோம். ஏழு செம்பு, இரண்டு அலுமினியம். அந்த இரண்டையும் மாற்றியாக வேண்டும். ஓட்டம் 100 மீட்டரைத் தாண்டக் கூடாது என்பதும் விதி. நம்மிடம் எதுவும் தாண்டவில்லை.

மூன்றாவது, வெயிலும் மழையும். ஸ்பிளிட்டர் மழை தாங்காது. கேமராவுக்குப் பின்னால் மூடியுள்ள ஜங்ஷன் பாக்ஸ் வைத்து அதற்குள் போட வேண்டும். கேபிள் துளை கீழ்ப்பக்கம் இருக்க வேண்டும், அப்போதுதான் தண்ணீர் வழிந்து உள்ளே போகாது. துளையை அடைக்க வேண்டும். நம் ஊரில் எறும்புக்கும் பல்லிக்கும் சூடான சின்னப் பெட்டி என்றால் மாமியார் வீடு மாதிரி. மதுரை சித்திரை வெயிலில் மொட்டைமாடிச் சுவர் எப்படிக் கொதிக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. பெட்டி நிழல் பக்கம் இருக்கட்டும்.

நான்காவது, இடி மின்னல். மலையடிவாரத்தில் திறந்த வெளியில் நிற்கும் கட்டடம் நம்முடையது. கோடை மழையிலும் ஐப்பசி மழையிலும் இடி எப்படி இறங்குகிறது என்று தெரியும். மொட்டைமாடிக் கேபிளும் கேட் கேபிளும் மின்னல் அதிர்ச்சியை நேராக ஸ்விட்ச்சுக்குக் கொண்டுவரும் வழிகள். அந்த ஓட்டங்களில் லேன் சர்ஜ் புரொடெக்டர் வைத்து, முறையாக எர்த் கொடுக்க வேண்டும். எர்த் இல்லாமல் அதை வைப்பது பூட்டு வாங்கிச் சாவியோடு தொங்கவிடுவது போல.

ஐந்தாவது, பழைய அடாப்டர். ஸ்பிளிட்டர் மாட்டிய இடத்தில் அடாப்டரைக் கழற்றி எடுத்துவிட வேண்டும். இரண்டு பக்கமும் கரண்ட் கொடுத்துவைக்கக் கூடாது. ஒன்பது அடாப்டரையும் பெயர் எழுதி அலுவலகப் பீரோவில் வைப்போம், அவசரத்துக்கு உதவும்.

இதில் கூடுதலாக ஒரு சௌகரியமும் இருக்கிறது. கேமரா உறைந்துபோய் நின்றால் இன்று ஏணி போட்டு அடாப்டரைப் பிடுங்கிச் சொருகுகிறோம். பி.ஓ.ஈ. வந்துவிட்டால் அலுவலக அறையில் அந்தக் கேமராவின் கேபிளைப் பிடுங்கிச் சொருகினால் போதும். நிர்வாக வசதியுள்ள ஸ்விட்ச் என்றால் அந்த வேலையை உட்கார்ந்த இடத்தில் செய்யலாம்.

புதுக் கேமரா வேண்டவே வேண்டாமா?

அப்படிச் சொல்லவில்லை. ஒரு கேமரா பழுதானால், அந்த இடத்துக்கு மட்டும் பி.ஓ.ஈ. உள்ளேயே இருக்கும் புதியதை வாங்குவோம். ஸ்பிளிட்டரைக் கழற்றிவிட்டு அதே கேபிளில் நேராகச் சொருகலாம். இன்று வாங்கும் ஸ்விட்ச் அதற்கும் பயன்படும், ஒரு ரூபாயும் வீணாகாது. அப்படி வாங்கும்போது இன்னொன்றையும் கேளுங்கள். சிசிடிவி கேமராக்களுக்குப் பாதுகாப்புச் சோதனை கட்டாயம் என்று மத்திய அரசு 2024 ஏப்ரலில் அறிவித்தது. 2025 ஏப்ரல் 9 முதல் அது நடைமுறையில் இருக்கிறது. வெளியாள் இணையம் வழியாகக் கேமராவுக்குள் நுழையாமல் தடுப்பதுதான் அதன் நோக்கம். கொட்டேஷன் தருபவரிடம் அந்தச் சான்றிதழைக் கேட்போம். பழைய கேமராக்களின் பாஸ்வேர்டுகளை மாற்றுவதற்குச் செலவே இல்லை, அதை இந்த வாரமே செய்வோம்.

சென்னை மாநகரக் காவல்துறை 2017-இல் 'மூன்றாவது கண்' என்ற திட்டத்தைத் தொடங்கி, குடியிருப்போரையும் கடைக்காரர்களையும் கேமரா வைக்கச் சொன்னது. அதன்பிறகு எல்லா ஊரிலும், "உங்கள் அப்பார்ட்மெண்டில் எத்தனை கேமரா?" என்பதே கேள்வியாகிவிட்டது. நாமும் பன்னிரண்டு என்று பெருமையாகச் சொல்கிறோம். இரவு ஒரு மணிக்குக் கரண்ட் இல்லாத நேரத்தில் அதில் எத்தனை விழித்திருக்கின்றன என்று கேட்டால், இன்றைய பதில் மூன்று. அந்த மூன்றைப் பன்னிரண்டு ஆக்குவதுதான் நம் வேலை. பன்னிரண்டை இருபதாக்குவது அப்புறம்.

ஆகவே இந்தக் கூட்டத்தின் முன் நான் வைக்கும் தீர்மானம் இதுதான். புதுக் கேமரா வாங்கும் முடிவை ஒத்திவைப்போம். முதல் மாதம் ஒரு இன்ஜெக்டரும் ஒரு ஸ்பிளிட்டரும் மட்டும் வாங்கி, தொலைவில் உள்ள பின்பக்கக் காம்பவுண்டு கேமராவில் மாட்டிப் பார்ப்போம். முப்பது இரவும் அது தூங்காமல் இருக்கிறதா என்று காவலாளி அண்ணன் நோட்டில் எழுதட்டும். சரியாக இருந்தால் மூன்று கடையில் எழுத்து மூலம் விலை வாங்கி, பி.ஓ.ஈ. ஸ்விட்ச், எட்டு ஸ்பிளிட்டர், பேட்டரி, இன்வெர்ட்டர், சர்ஜ் புரொடெக்டர், இரண்டு கேபிள் ஓட்டம் எல்லாவற்றையும் ஒரே பட்டியலாக அடுத்த கூட்டத்தில் வைப்போம். சரியில்லை என்றால் ஒரு இன்ஜெக்டர், ஒரு ஸ்பிளிட்டர் செலவோடு போகும், புதுக் கேமராவுக்கு நானே முதல் ஆளாகக் கை தூக்குகிறேன்.

வேலை முடிந்த பிறகு மாதம் ஒரு நாள், முதல் ஞாயிறு இரவு பத்து மணிக்கு, மெயின் சுவிட்சை ஐந்து நிமிடம் அணைத்துவிட்டு, பன்னிரண்டு படமும் திரையில் தெரிகிறதா என்று இரண்டு பேர் சேர்ந்து பார்த்துக் கையெழுத்திட வேண்டும். ஒருவர் குழு உறுப்பினர், மற்றொருவர் காவலாளி அண்ணன். வங்கிப் பெட்டக அறையை இரண்டு சாவி இல்லாமல் திறக்க மாட்டோம், அந்த வழக்கம் இங்கேயும் இருக்கட்டும். அவர் கையெழுத்தும் அந்தப் பதிவேட்டில் இருக்க வேண்டும் என்று நான் குறிப்பாகக் கேட்டுக்கொள்கிறேன். நாளைக்கு யாராவது ஒரு கேள்வி கேட்டால், பதில் சொல்ல அவரிடமும் ஒரு சான்று இருக்கும்.

சந்தேகம் உள்ளவர்கள் மாலை ஆறு மணிக்கு மேல் அலுவலக அறைக்கு வாருங்கள், பெட்டியைத் திறந்தே காட்டுகிறேன்.